நிச்சய மோதிரம்: ஆர்டர் சீட்டுல ஒரு தரம், சர்ட்டிபிகேட்ல ஒரு தரம். கடைக்காரங்ககிட்ட என்ன கேக்கலாம்?

கோபி பையன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊரு கோபி பக்கம், வேலை கோயமுத்தூர்ல. போன மாசம் எனக்கு உப்புச்சர்க்கரை மாத்துனாங்க, அதானுங்க நிச்சயம். பொண்ணு கைல போடறதுக்கு கோயமுத்தூர்ல ஒரு பெரிய கடைல வைர மோதிரம் ஆர்டர் குடுத்திருந்தேன். 18 கேரட் வெள்ளைத் தங்கம், நடுவால 30 சென்ட் கல்லு, ரெண்டு பக்கமும் பொடிக்கல்லு சேர்ந்து 20 சென்ட். மொத்தம் 50 சென்ட், அதாவது வைர எடைக் கணக்குல அரை கேரட்.

ஆர்டர் சீட்டுல சேல்ஸ்மேன் 'வி.வி.எஸ் - இ.எஃப்'னு அவரு கையாலயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. மொதல்ல இருக்கறது கல்லோட சுத்தத்துக்கான தரம், அடுத்தது கலருக்கான தரம். விசேஷத்துக்கு முன்னாடி நாள் சாயங்காலம்தான் மோதிரத்தைக் குடுத்தாங்க. சர்ட்டிபிகேட் பின்னாடி வரும்னாங்க. இப்ப வந்துச்சு, பிரிச்சுப் பாத்தா 'எஸ்.ஐ - ஐ.ஜே'ன்னு இருக்குது, ரெண்டுலயும் கீழ்த் தரம். அதுபோக பொண்ணு வெரலுக்கு இறுக்கமா இருக்குதுன்னு அடுத்த வாரம் சைஸ் பெருசு பண்ணிக் குடுத்தாங்க. அதுக்கப்பறம் பொடிக்கல்லு ஒன்னு உதிந்து போச்சு. வளையத்தோட உள்பக்கம் மஞ்ச அடிக்குது.

பில்லு 90,541 ரூபா. கடைல கேட்டா, "திருப்பி எடுக்க மாட்டோம் சார், வேணும்னா வேற நகையா மாத்திக்கங்க. வைரத்துல 10 சதவீதம் புடிப்போம், செய்கூலியும் ஜி.எஸ்.டி.யும் கணக்குல வராது"ங்கறாங்க. கல்யாணம் தை மாசம். சண்டை போடறதா, விட்டுத் தொலைக்கறதான்னு தெரியல.

பொள்ளாச்சி இளநி:
விட்டுத் தொலைங்க மாப்ள. எஸ்.ஐ-க்கும் வி.வி.எஸ்-க்கும் வித்தியாசம் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கறவனுக்குத்தான் தெரியும். ஒறம்பரை யாரு லென்ஸோட பந்திக்கு வரப்போறாங்க?

கல்லா ஓரம்:
நான் நகைக்கடை கவுண்டர்ல பல வருசம் நின்னவன். இளநி அண்ணன் சொல்றது கண்ணுக்குச் சரி, காசுக்குச் சரியில்ல. வி.வி.எஸ் - இ.எஃப் ஒரு வெலை, எஸ்.ஐ - ஐ.ஜே ஒரு வெலை. ரெண்டுக்கும் நடுவுல கேரட்டுக்குப் பல ஆயிரம் ஓடும்.

தம்பி, ரெண்டு வேலை பண்ணுங்க. ஒன்னு, பில்லை வரி வரியா இங்க எழுதுங்க, கடைப் பேரு வேண்டாம். ரெண்டு, அந்த ஆர்டர் சீட்டை யாருகிட்டயும் கைல குடுக்காதீங்க. "குடுங்க சார், சிஸ்டத்துல பாத்துட்டுத் தர்றோம்"னு வாங்கி உள்ள கொண்டு போவாங்க. போட்டோ காட்டுனாப் போதும்.

கோபி பையன்:
பில்லுல இருக்கறது இதுதானுங்க:
மொத்த எடை 4.120 கிராம். தங்கம் 4.120 கிராம், கிராம் 7,500 வீதம் 30,900.
வைரம் 0.50 கேரட், கேரட் 1,00,000 வீதம் 50,000. தரம் எதுவும் போடல.
செய்கூலி கிராமுக்கு 1,700 வீதம் 7,004.
ஜி.எஸ்.டி. 3 சதவீதம் 2,637.
மொத்தம் 90,541.

கல்லா ஓரம்:
முதல் ரெண்டு எண்ணையும் மறுக்கா பாருங்க. மொத்த எடையும் 4.120, தங்க எடையும் 4.120. அப்ப கல்லுக்கு எடையே இல்லையா? வைரத்துல ஒரு கேரட்னா 200 மில்லிகிராம் எடை, தங்கத்துல சொல்ற 18 கேரட் மாத்து வேற. அரை கேரட் 100 மில்லி. தங்கம் 4.020-தான் வரணும். கல்லையும் தங்க வெலைக்கு ஒருக்கா போட்டு, மறுக்கா வைர வெலைக்கும் போட்டிருக்காங்க. 0.1 கிராமுக்குத் தங்கம் 750, செய்கூலி 170, வரியோட 948 ரூபா. தொகை சின்னதுதான். ஆனா மேனேஜர் முன்னாடி இதைத்தான் முதல்ல எடுத்து வைக்கணும். கல்லோட தரத்தைப் பத்தி நாள் பூரா வாதாடலாம், கழித்தல் கணக்குக்கு யாரும் வாதாட முடியாது.

இன்னொன்னு, அவங்க சொல்ற 'மாத்திக்கங்க' கணக்கு. வைரத்துல 5,000, செய்கூலி 7,004, வரி 2,637. அவங்க தப்புக்கு நீங்க 14,641 ரூபா அழணும். அதுக்குப் பேரு சலுகை!

ராஜவீதி பட்டறை:
தம்பி, நான் பட்டறைக்காரன். ஒவ்வொன்னா பிரிச்சுக்கலாம்.

உள்பக்கம் மஞ்ச அடிக்கறது குத்தமில்ல. வெள்ளைத் தங்கம்னு விக்கறது சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்காது. மேல ரோடியம் முலாம் போட்டுத்தான் அந்த வெள்ளை வருது. சைஸ் மாத்தறப்ப அறுத்து, பத்த வெச்சு, ராவியிருப்பாங்க. முலாம் அங்க போயிருக்கும், மறுபடி போடாம விட்டுட்டாங்க. ஒருக்கா முலாம் முக்குனா முடிஞ்சுது. இதை வெச்சு 'தங்கமே கலப்படம்'னு கடைல போய்க் கத்துனீங்கன்னா, மத்த நியாயத்தையும் சேத்துச் சிரிச்சுருவாங்க.

கல்லு உதிந்தது வேலைக் குத்தம். வளையத்தை அறுத்துப் பெருசு பண்றப்ப அதோட வளைவு மாறும். வளைவு விரிஞ்சா பக்கத்துக் கல்லு உக்காந்திருக்கற குழியும் விரியும், கல்லைப் புடிச்சிருக்கற முனை விட்டுக் குடுக்கும். அதனாலதான் சைஸ் மாத்துனதும் லென்ஸ் வெச்சு ஒவ்வொரு கல்லையும் ஊசி முனைல தட்டிப் பாக்கணும்ங்கறது. பாக்கல. ஒன்னு விழுந்திருக்குன்னா மத்ததும் ஆடும்.

கல்லு தரத்துக்கு வர்றேன். எஸ்.ஐ கண்ணுக்குத் தெரியாதுங்கறது, சின்னக் கல்லுல, பெரும்பாலும் நெசந்தான். ஆனா ஐ.ஜே கலரு வேற விசயம். மஞ்சத் தங்கத்துல வெச்சா மறைஞ்சுரும். வெள்ளைத் தங்கத்துல வெச்சா பக்கத்துல வெள்ளை இருக்கறதால கல்லுல லேசா மஞ்ச சாயல் தெரியும். மோதிரத்தை வெள்ளைத் தாள் மேல கவுத்து வெச்சு, நிழல்ல, பக்கவாட்டுல பாருங்க. கடை லைட்டுல பாக்காதீங்க, அந்த லைட்டு விக்கறதுக்குன்னே போட்டது.

ஈரோடு மஞ்சக்கா:
ஏனுங் தம்பி, எச்.யு.ஐ.டி., அதான் ஹால்மார்க்கோட வர்ற ஆறு எழுத்து நம்பரு, இருக்குதான்னு பாத்தீங்களா? ஹால்மார்க் முத்திரையப் பாத்துக்கற அரசாங்க அமைப்பு பி.ஐ.எஸ்.ஸோட 'பி.ஐ.எஸ். கேர்' ஆப் போன்ல இருக்குதே, அதுல போட்டுப் பாருங்க. எல்லாரும் கல்லையே பேசறீங்க, தங்கம் தங்கமான்னு யாரும் கேக்கல.

கோபி பையன்:
பாத்துட்டனுங்கக்கா. உள்பக்கம் பி.ஐ.எஸ். முத்திரை, 18கே750, ஆறு எழுத்து நம்பரு மூணும் இருக்குது. ஆப்ல மோதிரம்னு, 750-ன்னு சரியா காட்டுது.

கல்லா ஓரம்:
நல்லது. 2023 ஏப்ரல் 1-ல இருந்து அந்த ஆறு எழுத்து நம்பரு இல்லாம ஹால்மார்க் நகை விக்கக்கூடாது. ஆப்ல நகை வகையும் வரும். கைல மோதிரம் இருக்க ஆப்ல 'வளையல்'னு வந்தா உசாராயிரணும்.

ஆனா ஒன்னு புரிஞ்சுக்கங்க, ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான் சாட்சி. கல்லைப் பத்தி அது ஒரு வார்த்தை பேசாது. கடைக்காரங்க "ஹால்மார்க் இருக்குதுங்க சார்"னு கல்லு பிரச்சினைக்குப் பதில் சொன்னா, கத்திரிக்கா வெலை கேட்டதுக்குப் பூசணிக்கா வெலை சொல்றாங்கன்னு அர்த்தம்.

சென்னிமலை:
நடுவுல பேசறதுக்கு மன்னிக்கணும். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல்ல உக்காந்து கல்லு அறுத்து, தொளை போட்டு, பட்டை தீட்டுன ஊருங்க இது. நொய்யல் கரைல தோண்டத் தோண்டக் கல்மணியா வந்துச்சு. படியூர்ல எடுத்த நீலப் பச்சைக் கல்லை வெள்ளைக்காரன் கப்பல்ல ஏத்திட்டுப் போனான். அப்படிப்பட்ட ஊருல பொறந்த பையன் கல்லு வாங்கி ஏமாறதான்னு எங்க அப்பாரு இருந்திருந்தா கேட்டிருப்பாரு. சும்மா சொன்னேன், தம்பி கோவிச்சுக்க வேண்டாம்.

பொள்ளாச்சி இளநி:
அப்பாரு காலத்துல மோதிரமே கெடையாது, வெத்தலை பாக்கோட முடிஞ்சுது. அதுதான் நிம்மதி.

நொய்யல் வக்கீல்:
இழையை முழுக்கப் படித்தேன். சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

"விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கடைகள் நினைக்கின்றன. அப்படி இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)-இல், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று இருக்கிறது. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடு. இல்லையென்றால் 30 நாள். தம்பி, உங்கள் பில் தேதியைப் பாருங்கள். 30 நாளுக்குள் இருந்தால் இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்கு எந்தப் பதிவும் இல்லை.

'பிடிக்கவில்லை' என்பது வேறு, 'சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று' என்பது வேறு. முதலாவதற்குக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் அது அவர் பெருந்தன்மை. இரண்டாவதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். உங்களிடம் கையெழுத்துப் போட்ட ஆர்டர் சீட்டும், அவர்களே கொடுத்த சர்ட்டிபிகேட்டும் இருக்கின்றன. இரண்டும் அவர்கள் கொடுத்த தாள். வேறு சாட்சியே வேண்டாம்.

கடிதத்தை மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915-க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். பெரிய கடைகள் பல அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊர், வேலை பார்க்கும் ஊர் எதன் ஆணையத்திலும் போடலாம். ஆகவே நீங்கள் குடியிருப்பது கோபியில் என்றால், அந்த மாவட்டமான ஈரோட்டிலேயே போடலாம்.

கடைப் பெயரைப் போட்டு வாட்ஸ்அப்பில் 'திருடன்' என்று எழுதுவதைத் தவிருங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது எதிர்த்தரப்புக்கு நீங்களே ஒரு வழக்கை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

மோதிரக்காரி:
அந்த மோதிரத்தைப் போட்டிருக்கறவ நான்தானுங்க. இவரு இங்க எழுதறாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மொதல்ல என்னைக் கேட்டிருக்கணும், அது தனிப் பஞ்சாயத்து.

எங்க ஆத்தா, நிச்சயத்துல போட்ட மோதிரத்தைக் கடைக்குத் திருப்பிக் குடுக்கறது ஆகாதுன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. அதனால பணம் திரும்ப வாங்கறதுங்கற பேச்சு எங்க வீட்டுல எடுபடாது. ஆனா விட்டுத் தொலைக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில க்யூ.சி., அதான் சரக்கோட தரம் பாக்கற வேலை, பாக்கறேன். அப்ரூவல் சாம்பிள் ஒரு மாதிரி, அனுப்புன சரக்கு ஒரு மாதிரின்னா, சரக்கு போட்டுக்க நல்லாத்தான இருக்குதுன்னு பையர் விடுவானா? டெபிட் நோட் போட்டுக் காசைக் கழிச்சுருவான். எங்க மொதலாளியும் வாயத் தொறக்காம ஒத்துக்குவாரு. இதுவும் அதேதான்.

வளையம் அப்படியே இருக்கட்டும், கல்லை மட்டும் ஆர்டர் சீட்டுல எழுதுன தரத்துக்கு மாத்திக் குடுக்கச் சொல்லலாமா? ராஜவீதி அண்ணா, இன்னொரு சந்தேகம். பட்டுச்சேலை கட்டுனா மோதிரம் நூலை இழுக்குது. மடிப்பு எடுக்கறப்ப ரெண்டு எடத்துல இழை கெளம்பிருச்சு.

ராஜவீதி பட்டறை:
அம்மிணி, நூல் இழுக்குதுன்னா நடுக்கல்லைப் புடிச்சிருக்கற ப்ராங் ஒன்னு தூக்கியிருக்குன்னு அர்த்தம். இன்னைக்கே கழட்டி டப்பால வெச்சுருங்க. போட்டுட்டே இருந்தா நடுக்கல்லும் போயிரும், அப்பறம் தரத்தைப் பத்திப் பேசவே கல்லு இருக்காது. வெளிப் பட்டறைல குடுத்து அமுக்கிக்கவும் வேண்டாம். வேற ஆளு கை வெச்சா "நீங்க வெளிய குடுத்து மாத்துனீங்க"ம்பாங்க. அப்படியே கடைக்குக் கொண்டு போங்க. கொண்டு போறதுக்கு முன்னாடி போன் கேமராவுல கிட்ட வெச்சு நாலு பக்கமும் படம் எடுத்துக்கங்க.

கல்லை மட்டும் மாத்தறது தாராளமா முடியும். அளவு ஒத்த கல்லு கெடைச்சா வளையத்துக்குச் சேதமில்லாம பதிச்சரலாம். ஆத்தா சொல்றதும் காப்பாத்துனதாச்சு.

கல்லா ஓரம்:
கல்லு மாத்தறதுன்னா ஒன்னு கவனிங்க. பதிச்ச கல்லுக்குக் குடுக்கற சர்ட்டிபிகேட் தோராயம்தான், உலோகம் மறைக்கறதால முழுசா பாக்க முடியாது. ஜி.ஐ.ஏ.ங்கற பேர் போன வைரத் தர லேப் பதிச்ச வைரத்துக்குத் தரம் போடறதே இல்ல, உதிரிக் கல்லுக்குத்தான். அதனால நடுக்கல்லுக்கு உதிரியா இருக்கறப்பவே தரம் பாத்த சர்ட்டிபிகேட் வேணும்னு கேளுங்க. அப்படிப்பட்ட கல்லோட இடுப்புல பெரும்பாலும் லேசர்ல நம்பரு பொறிச்சிருக்கும். பதிக்கறதுக்கு முன்னாடி 10 மடங்கு லென்ஸ்ல அந்த நம்பரையும் சர்ட்டிபிகேட் நம்பரையும் ஒத்துப் பாருங்க. அதுல இயற்கை வைரம்னு எழுதியிருக்குதான்னும் பாருங்க, லேப்ல வளத்த கல்லுக்கு வெலை ரொம்பக் கம்மி.

அப்பறம் மேனேஜர்கிட்ட சாதாரணமா, "உங்க கடைல எஸ்.ஐ - ஐ.ஜே கேரட் என்ன வெலைங்க"ன்னு கேளுங்க. அவரு வாயாலயே நம்பரு வரட்டும்.

பொள்ளாச்சி இளநி:
சரிங்க, நான் வாபஸ் வாங்கிக்கறேன். க்யூ.சி. அம்மிணி இருக்கற வீட்டுல மாப்ள இனி ஒரு துண்டு கூட பில்லில்லாம வாங்க முடியாது.

கோபி பையன்:
இன்னைக்கு ரெண்டு பேரும் போயிட்டு வந்தோமுங்க. கடிதம் நேத்தே மெயில்ல போயிருச்சு, 30 நாள் கெடுவுக்குள்ளதான்.

மொதல்ல ஒரு சேல்ஸ் ஆளு வந்து, "சார், அது சேல்ஸ்மேன் தெரியாம எழுதிட்டாரு, அவரு இப்ப வேலைல இல்ல"ன்னாரு. இவ, "கேரட் ஒரு லட்சம்னு பில்லுல போட்டவரு இருக்காருங்களா?"ன்னு கேட்டா. அவரு உள்ள போயி மேனேஜரைக் கூட்டியாந்தாரு.

எடையில இருந்து ஆரம்பிச்சேன். கல்லா ஓரம் அண்ணன் சொன்ன மாதிரி அதுக்கு மறுபேச்சு இல்ல, 'பில்லிங் மிஸ்டேக்'னு ஒத்துக்கிட்டாங்க. எஸ்.ஐ - ஐ.ஜே வெலை கேட்டேன், கேரட் 65,000-ன்னாரு. அப்ப அரை கேரட்டுக்கு 17,500 கூட வாங்கியிருக்கீங்க, வரியோட 18,025-ன்னு தாள்ல எழுதிக் காட்டுனேன். டீ வந்துச்சு. ரொம்ப நேரம் யாரும் பேசல.

கடைசியில நடுக்கல்லை வி.வி.எஸ் - இ.எஃப்-க்கு மாத்தித் தர்றோம்னாங்க. பொடிக்கல்லு அந்தத் தரத்துல இந்த அளவுக்கு இப்ப ஸ்டாக் இல்லையாம். அதுக்கு வெலை வித்தியாசத்தைக் குடுத்துர்றோம்னாங்க. 20 சென்டுக்கு 7,000, வரி 210. எடைக்கு 948. மொத்தம் 8,158. உதிந்த கல்லு, முலாம், ப்ராங் வேலை எல்லாம் செலவில்லாம. ஒத்துக்கலாமுங்களா?

நொய்யல் வக்கீல்:
ஒத்துக்கொள்ளலாம், நியாயமான தீர்வுதான். ஆனால் வெறும் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்காதீர்கள். பில்லில் 8,158 குறைத்ததற்கான தாள், அதாவது கிரெடிட் நோட் வேண்டும். நடுக்கல்லின் சர்ட்டிபிகேட் எண், தரம், கேரட், பொடிக்கல்லின் தரம், நிகர தங்க எடை எல்லாம் எழுதிய திருத்திய பில்லும் வேண்டும். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளை நீட்டினால், நகை கைக்கு வந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து. மோதிரத்தைக் கொடுக்கும்போது எடை போட்டு, எத்தனை கல் இருக்கிறது என்று எழுதி, ரசீது வாங்குங்கள்.

ராஜவீதி பட்டறை:
பொடிக்கல்லு எஸ்.ஐ-யாவே இருந்துட்டுப் போகட்டும், அந்த சைஸ்ல அது ஒரு கொறையே இல்ல. ஆனா நடுக்கல்லு வெளேர்னு மாறுனப்பறம் பக்கத்துக் கல்லு மஞ்ச காட்டுதான்னு வெளிய வெளிச்சத்துல பாத்துட்டு வாங்குங்க. காட்டுச்சுன்னா அப்பவே சொல்லிருங்க.

மோதிரக்காரி:
ரசீது வாங்கித்தானுங்க குடுத்தோம். "17 கல், ஒரு குழி காலி"ன்னு எழுத வெச்சேன். எழுதறப்ப அந்தப் பொண்ணு சிரிச்சுருச்சு.

ஈரோடு மஞ்சக்கா:
கெட்டிக்காரி! இதோட என்ற சந்தேகம் ஒன்னு. எங்க அமுச்சி எம் மவளுக்குப் போட்ட குட்டி மோதிரம் 1.8 கிராம், 22 கேரட்டுன்னு பில்லு இருக்குது, முத்திரை எதுவும் இல்ல. போன வருசம் வாங்குனது. ஏமாத்திட்டாங்களா?

கல்லா ஓரம்:
இல்லீங்கக்கா. 2 கிராமுக்குக் கீழ இருந்தா ஹால்மார்க் கட்டாயமில்ல. சந்தேகமா இருந்தா ஹால்மார்க் போடற சென்டர்லயே குடுத்துச் சோதிச்சுக்கலாம். நாலு நகை வரைக்கும் 200 ரூபாதான், அதனால வீட்டுல சந்தேகப்படற மத்த நகையையும் சேத்து எடுத்துட்டுப் போங்க. முத்திரை போட்ட நகைல மாத்துக் கொறைஞ்சாத்தான் பி.ஐ.எஸ். விதிப்படி வித்தியாசத் தொகையப் போல ரெண்டு மடங்கும் சோதனைச் செலவும் கேக்க முடியும். முத்திரை இல்லாததுக்கு உங்க பில்லுதான் ஆதாரம். பில்லுல 22 கேரட்டுன்னு எழுதியிருக்குதுல்ல, பத்திரமா வெச்சுக்கங்க. வெப்பத்துல எழுத்து மங்கற தாளா இருந்தா இன்னைக்கே ஒரு ஜெராக்ஸ் போட்டுருங்க.